அண்ணன் விட்டுச்சென்ற பத்துப் பெட்டிகள்

நியூஜெர்ஸி மாநிலத்து எடிசன் நகரில், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ சாலையிலிருந்து சற்று தூரத்தில் உள்ள ஒரு வீட்டில், என் பெரியப்பா குமாரரான அண்ணன் காலமாகி மூன்று வாரங்கள் கழிந்திருந்த சமயம், அவருடைய சாமான்களை ஒழுங்கு செய்வதில் அண்ணிக்கு உதவியாக நான் தங்கியிருந்தேன். சட்டைகளையும் புத்தகங்களையும் யாருக்குக் கொடுப்பது என்பதில் அவருக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை; குளியலறை அலமாரியிலிருந்தும் படுக்கையறை இழுப்பறையிலிருந்தும் காரிலிருந்தும் எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையின்மேல் அடுக்கியிருந்த பத்து அட்டைப் பெட்டிகளின் முன்னால்தான் அவர் வெகுநேரம் நின்றுவிட்டார். அத்தனையும் இரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதற்கான ஸ்ட்ரிப் பெட்டிகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"தம்பி, இவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்களாமே, சிக்னலுக்குப் பக்கத்தில் போர்டு வைத்திருப்பதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். அமெரிக்காவில் கார் ஓட்டிச் செல்லும் எவரும் என்றாவது ஒருநாள் பார்த்திருப்பார்கள். நாற்சந்திகளில், மெல்லிய கம்பிக் கால்களில் புல்தரையிலே குத்தியோ, விளக்குக் கம்பத்தில் ஆணி அடித்தோ, 'உபயோகிக்காத ஸ்ட்ரிப்புகளுக்கு ரொக்கம்' என்ற வாசகமும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டுமே கொண்ட பிளாஸ்டிக் பலகைகள் அங்கே நிற்கின்றன. நோயாளிக்கு இன்ஷூரன்ஸ் மூலமாகச் சொற்ப விலைக்கோ இலவசமாகவோ வந்து சேர்ந்த பெட்டியை ஒருவர் வாங்கி, இன்னொருவருக்கு விற்று, அவர் அதை மற்றொருவருக்கு விற்கும் ஒரு பெரிய வியாபாரம் அந்தப் பலகைகளின் பின்னால் நடைபெறுகிறது. 2021ஆம் வருஷக் கணக்கின்படி அந்தத் தேசத்தில் சுமார் 3 கோடியே 80 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. ஒருவர் வீட்டில் மிஞ்சுவதும் மற்றொருவர் வீட்டில் இல்லாமற் போவதும் ஒரே தெருவில் நிகழக்கூடிய விஷயங்கள்.

மிஞ்சுவதற்குக் காரணங்கள் பல. கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை ஏறிய பெண்ணுக்குப் பிரசவத்தோடு ஸ்ட்ரிப்பின் தேவை தீர்ந்துவிடுகிறது. தோலில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் அளவு காட்டும் சென்சார் வந்தபின் விரலைக் குத்திக்கொள்ளும் அவசியம் பலருக்குக் குறைந்துபோயிற்று. எல்லாவற்றிலும் பெரிய காரணம், ஒரு கம்பெனியின் ஸ்ட்ரிப் மற்றொரு கம்பெனியின் மீட்டரில் பொதுவாக வேலை செய்யாது என்பதே. இன்ஷூரன்ஸ் ஸ்தாபனம் தான் பணம் கொடுக்க இசையும் மீட்டரை மாற்றிவிட்டால், வீட்டில் இருக்கும் பழைய பெட்டிகள் அன்றைக்கே அநாதையாகிவிடுகின்றன. அண்ணனுக்கு நேர்ந்தது அதுதான். உத்தியோகத்தில் இருந்தவரை கம்பெனியின் இன்ஷூரன்ஸில் ஒன்டச் வெரியோ மீட்டரை வைத்திருந்தார். 65 வயதில் ஓய்வு பெற்று, முதியோருக்கான சர்க்கார் காப்பீடாகிய மெடிகேருக்கு மாறியபோது வேறொரு மீட்டர் வந்தது. வெரியோ பெட்டிகள் நான்கு அப்படியே நின்றுவிட்டன.

ஆகவே பத்துப் பெட்டிகளையும் விலைபேசுவதற்கு முன்னால், யார் பணத்தில் வாங்கியது என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவருக்கு மூன்று மாதத்துக்கு 300 ஸ்ட்ரிப்பும், போட்டுக்கொள்ளாதவருக்கு 100 ஸ்ட்ரிப்பும் என்பது மெடிகேரின் வழக்கமான கணக்கு. ஐம்பது ஸ்ட்ரிப் கொண்ட பெட்டிகள் ஆறு மேஜையின்மேல் இருந்தன. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கடைசி மூன்று மாதத்துக்கென்று தபாலில் வந்து, தொடப்படாமலே இருந்தவை அவை. மெடிகேரோ, ஏழைகளுக்கான மெடிகெய்டோ பணம் கொடுத்த பெட்டியைப் பெற்றுக்கொண்டு விற்பது சர்க்காரை மோசம் செய்வதாகும். மத்திய சட்டத்தின்படி தண்டனைக்குரியது. இந்த ஒரு விஷயத்தை அந்தச் சாலையோரப் பலகைகள் எவையும் சொல்வதில்லை. தனியார் இன்ஷூரன்ஸில் வந்ததையும், சொந்தக் காசில் வாங்கியதையும் விற்பதற்குப் பெரும்பாலும் சட்டத்தடை இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கக்கூடிய வஸ்துதான் ஸ்ட்ரிப். ஆயினும் திட்டத்தின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுவது உத்தமம். ஆறு பெட்டிகளையும் அண்ணி ஒருபுறமாக ஒதுக்கினார். விற்கக்கூடியவை நான்கு வெரியோ பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நூறு ஸ்ட்ரிப்.

அந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பெட்டியின் பக்கவாட்டில் மணற்கடிகாரம் போன்ற ஒரு சிறு குறி இருக்கும். அதை அடுத்து அச்சிட்டிருப்பதே காலாவதியாகும் தேதி. அதன் பக்கத்தில் 'லாட்' என்று தொடங்கும் எண், அந்தப் பெட்டி எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைத் தெரிவிக்கும். தெர்மாமீட்டர் படம் ஒன்றின்கீழ் 86 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 30 டிகிரி செல்ஸியஸ் என்று உஷ்ணத்தின் மேல்வரம்பு குறிப்பிட்டிருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, நோயாளியின் பெயரும் வைத்தியர் பெயரும் தாங்கிய மருந்துக்கடைச் சீட்டு ஒட்டியிருக்கும்.

வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது தேதியைத்தான். ஒரு வருஷத்துக்குமேல் ஆயுள் பாக்கியிருந்தால் முழு விலை. அதற்குக் கீழே குறையக் குறைய விலையும் இறங்கும். ஆறு மாதத்துக்குள் என்றால் பலர் தொடுவதே இல்லை. காரணம், அவர்கள் கையிலிருந்து கடைசி உபயோகஸ்தர் கைக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு மூன்று கைகள் மாறவேண்டியிருக்கிறது. அடுத்தபடியாக, கடைகளில் விற்பதற்கான பெட்டியா, தபால்மூலம் அனுப்புவதற்கான பெட்டியா என்பது. உள்ளே இருக்கும் ஸ்ட்ரிப் ஒன்றே. ஆனால் 'தபால் விநியோகத்துக்கு மட்டும்' என்றோ 'சில்லறை விற்பனைக்கு அன்று' என்றோ அச்சிட்ட பெட்டிக்கு எண்ணும் வேறு, விலையும் வெகுவாகக் குறைவு. அயல்தேசங்களுக்கென்று தயாரித்த பெட்டிகளின் சங்கதி இன்னும் மோசம். அவை அமெரிக்காவில் விற்பதற்கு அநுமதி பெறாதவை. அப்படிப்பட்ட ஃப்ரீஸ்டைல் பெட்டிகளை உள்நாட்டில் விற்றார்கள் என்று, அவற்றைத் தயாரிக்கும் அபட் கம்பெனி 2015ஆம் வருஷத்தில் நியூயார்க் மத்திய நீதிமன்றத்தில் பல வியாபாரிகள்மீது வழக்குத் தொடர்ந்தது.

பிறகு பெட்டியின் மேனி. முத்திரை உடையாமல், மூலை நசுங்காமல், ஈரம் படாமல், கிழியாமல் இருக்கவேண்டும். இங்கேதான் சாதாரண ஜனங்கள் ஏமாந்துபோகிறார்கள். பெயர் தாங்கிய சீட்டை அந்நியரிடம் கொடுப்பானேன் என்ற நியாயமான கூச்சத்தால் நகத்தால் சுரண்டி எடுக்கப்பார்த்து, அட்டையின் மேல்தோலையும் உரித்துவிடுகிறார்கள். உடனே பாதி மதிப்பு போய்விடுகிறது. பெயரைக் கருப்பு மையால் அடித்துவிட்டுச் சீட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி. எங்கள் அண்ணன் ஒரு பெட்டியில் இந்தக் காரியத்தைச் செய்திருந்தார். நீலமும் வெள்ளையுமான அந்த அட்டையில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு நிறம் வெளிப்பட்டிருந்தது.

இவ்வளவும் பார்த்தபின் எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. ஸ்ட்ரிப் ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டு. வால்மார்ட்டில் ரிலையான் பெயரில் விற்கும் ஐம்பது ஸ்ட்ரிப் பெட்டி நெடுங்காலமாக 9 டாலர் அளவில் கிடைத்து வருகிறது. அப்படியிருக்க, பிரபலமான கம்பெனிகளின் பெட்டிக்கு மட்டும் மறுவிற்பனையில் இத்தனை கிராக்கி எதனால்? ரிலையான் பெட்டியை அந்தப் பலகைக்காரர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. விடை இன்ஷூரன்ஸ் முறையில் இருக்கிறது. தயாரிப்பாளர் ஒரு பெரிய விலையை அச்சிடுகிறார். இன்ஷூரன்ஸ் தரப்புக்கு அதில் கணிசமான தள்ளுபடியைத் திருப்பிக் கொடுக்கிறார். கொள்முதல் செய்யும் பலம் உள்ளவருக்கு விலை தாழ்ந்து, இன்ஷூரன்ஸ் இல்லாமல் கடைவாசலில் நிற்கும் ஏழைக்கு அச்சிட்ட விலை முழுதும் விழுகிறது. சர்க்கார் ஒருசமயம் இந்த விலையைத் தட்டிப் பார்த்தது: 2013 ஜூலையில் தபால்மூலம் வழங்குவதற்கு மெடிகேர் போட்டி ஏல விலையை அமல்படுத்தியபோது, நூறு ஸ்ட்ரிப்புக்கும் நூறு லேன்செட் ஊசிக்கும் சேர்த்துச் சராசரியாகக் கொடுத்துவந்த 77.90 டாலர், 22.47 டாலராக இறங்கிற்று. ஒரே வஸ்துவுக்கு இத்தனை விலைகள் உலவும்போது, தாழ்ந்த விலையில் வாங்கி உயர்ந்த விலைக்குச் சற்றுக் கீழே விற்கிறவன் தோன்றாமல் இருப்பானா? சில மருந்துக்கடைகள்கூட இப்படி வந்த பெட்டிகளை மலிவாக வாங்கிவைத்து, இன்ஷூரன்ஸுக்கு முழு விலை போட்டதுண்டு. கடைவிற்பனை எண்ணுள்ள பெட்டிக்கு மட்டும் விலை கூடுவதன் ரகசியத்தில் பாதி இதுவே. கலிபோர்னியா மாநிலம் 2017இல் சட்டம் செய்து, தயாரிப்பாளர் அங்கீகரித்த விநியோகஸ்தரிடமிருந்தே மருந்துக்கடைகள் ஸ்ட்ரிப் வாங்கவேண்டும் என்று விதித்தது.

மலிவான பெட்டியை இணையத்தில் தேடி வாங்குகிற இன்ஷூரன்ஸற்ற நோயாளியை நான் குறை சொல்லமாட்டேன். தினம் நான்கு முறை பார்க்கச் சொல்லியிருப்பதைக் காசில்லாமல் ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டு, குறைந்த சர்க்கரையா கூடிய சர்க்கரையா என்று தெரியாமல் இன்சுலின் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருடைய நிலைமை பரிதாபமானது. ஆனால் அவர் வாங்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அவரும் அறியமாட்டார், விற்றவரும் அறியமாட்டார் என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

ஸ்ட்ரிப்பின் முனையில் ஒரு நொதி, அதாவது என்ஸைம், மெல்லிய பூச்சாகத் தடவியிருக்கும். கடுகளவும் வராத இரத்தம் அதில் பட்டதும், நொதி அதிலுள்ள குளுக்கோஸோடு வினைபுரிந்து எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. அந்தச் சிறு மின்னோட்டத்தை மீட்டர் அளந்து எண்ணாகக் காட்டுகிறது. முற்காலத்தில் இவ்வளவு சௌகரியம் இல்லை. 1965இல் ஏம்ஸ் கம்பெனி வெளியிட்ட டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ் பட்டையில் பெரிய சொட்டு இரத்தத்தை விட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் தண்ணீரால் கழுவி, நிறத்தை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அந்த நிறத்தை அளப்பதற்கு ஆன்டன் கிளெமன்ஸ் அமைத்த முதல் மீட்டர் ஏறக்குறைய 500 டாலர், வைத்தியர்களுக்குத்தான் விற்பார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற எஞ்சினீயர், சிறு வயதிலிருந்தே சர்க்கரை வியாதி உள்ளவர், டாக்டராகிய தம் மனைவியின் பெயரில் அந்த மீட்டரை வரவழைத்து, 1970ஐ ஒட்டிய அந்த நாளில் வீட்டிலேயே தம் இரத்தத்தைத் தாமே பரிசோதிக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் தாமே வைத்தியம் படித்து டாக்டரும் ஆனார். அன்றைக்கு மீட்டர்தான் விலையுயர்ந்த பொருள். இன்றோ மீட்டரை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்து ஸ்ட்ரிப்பில் காசு பார்க்கிறார்கள். பழைய மீட்டரை வாங்க ஆள் இல்லை.

நொதி என்பது ஒரு புரதம். உஷ்ணமும் ஈரமும் அதற்குச் சத்துரு. ஈரத்தை உறிஞ்சும் பொருளோடு இறுக மூடிய குப்பிக்குள் ஸ்ட்ரிப்புகளை வைப்பதும், ஒன்றை எடுத்தவுடன் மூடச் சொல்வதும் அதனால்தான். ஐஎஸ்ஓ என்னும் சர்வதேசத் தரநிர்ணய ஸ்தாபனத்தின் 2013ஆம் வருஷத்து விதிப்படி, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் காட்டும் அளவுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, உண்மை அளவிலிருந்து 15 சதவிகிதத்துக்குமேல் விலகக்கூடாது. வெயிலில் வெந்த ஸ்ட்ரிப்புக்கு இந்த வாக்குறுதி கிடையாது. உண்மையில் 130 இருக்கும்போது 240 என்று காட்டினால், அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டவர் நள்ளிரவில் நினைவிழந்து கிடப்பார்.

இனி அந்த நான்கு பெட்டிகளின் கதைக்கு வருகிறேன். சீட்டைச் சுரண்டிக் கிழித்த பெட்டி ஒன்று. படுக்கையறை இழுப்பறையில் இருந்தது. எட்டு மாதம் ஆயுள். மூலை நசுங்காத, சீட்டு கசங்காத, கடையிலிருந்து அன்றுதான் வந்தாற்போன்ற இரண்டு; பதினோரு மாதம் ஆயுள். காலாவதிக்கு மூன்று மாதமே இருந்த ஒன்று. பலகைகளிலிருந்து குறித்துவந்த மூன்று எண்களுக்கும் நானே பேசினேன். தேதி என்ன, கடைப் பெட்டியா, மூலை நசுங்கியிருக்கிறதா என்று மூவரும் கேட்டார்கள். அந்த அழகான இரண்டுக்கும் ஒருவர் பெட்டிக்கு 28 டாலரும், மற்றொருவர் 20 டாலரும் சொன்னார்கள். கிழிந்ததற்கு 12 என்று ஒருவர் மட்டும் இசைந்தார். மூன்று மாதப் பெட்டி யாருக்கும் வேண்டாம். எங்கே வைத்திருந்தீர்கள் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

தொலைபேசியை வைத்ததும் அண்ணி சொன்னார்: "தம்பி, இந்த ரெண்டும் காரில் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்தவை. போன வருஷம் கோடை முழுக்க அங்கேயேதான் கிடந்தன. நான்தான் நேற்று எடுத்துவந்தேன்."

நியூஜெர்ஸியின் ஜூலை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் உஷ்ணம் 50 டிகிரி செல்ஸியஸைத் தாண்டும். அட்டையில் அதன் அடையாளம் ஒரு துளியும் இல்லை. சந்தையிலே அதிக விலை பெற்ற பெட்டிகள், நான்கிலும் மிகவும் நம்பத்தகாதவையாக இருந்தன. கிழிந்ததென்று பாதி விலைக்குக் கேட்ட பெட்டியிலுள்ள நூறு ஸ்ட்ரிப்பும் குறைவின்றி இருந்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஒருவர் வாங்கி மற்றொருவருக்கு விற்ற ஸ்ட்ரிப்புகளை உபயோகிக்க வேண்டாம் என்று 2019 ஏப்ரலில் ஜனங்களை எச்சரித்ததற்கு இதைக்காட்டிலும் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. தேதியைத் திருத்தி அச்சிடுவதும் உண்டு, போலியும் உண்டு. ஒன்டச் பெயரில் போலி ஸ்ட்ரிப்புகள் புழங்குவதாக 2006இலேயே அதே நிர்வாகம் அறிவித்தது. குறைபாடு கண்டு தயாரிப்பாளர் திரும்பப் பெறும்போதும் கைமாறிய பெட்டியைத் தேடிப்பிடிக்க வழியில்லை: 2010 டிசம்பரில் அபட் கம்பெனி, உண்மையைவிடக் குறைவாக அளவு காட்டக்கூடும் என்று 35 கோடியே 90 லட்சம் ஸ்ட்ரிப்புகள்வரை திரும்பப் பெற முற்பட்டது. மருந்துக்கடை தன் கணக்கைப் பார்த்து வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடும்; பலகைக்காரரிடமிருந்து வாங்கியவருக்கு யார் சொல்வது? பெட்டியின் பக்கத்தில் உள்ள லாட் எண்ணை அவரே தேடிப் பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

"அம்பத்தாறு டாலர்" என்று நான் சொல்லிப் பார்த்தேன், அண்ணியின் மனத்தை அறிவதற்காக. அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு பெட்டிகளையும் பிரித்தார். குப்பிகளையெல்லாம் திறந்து ஸ்ட்ரிப்புகளைக் குப்பைப் பையில் கொட்டினார். குப்பைத் தொட்டியிலிருந்து யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாதென்று அட்டைகளைக் கத்தரியால் நறுக்கினார். இருநூறு ஸ்ட்ரிப் உதிரும் ஓசை மழைத்தூறல்போல ஒரு கணம் கேட்டது.

மூன்று மாதப் பெட்டிக்கு ஒரு வழி கிடைத்தது. கோயிலில் பழக்கமான ஒரு குடும்பத்தில், மகனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த பெரியவர் வெரியோ மீட்டர்தான் வைத்திருந்தார். பிரயாணிகளுக்கான இன்ஷூரன்ஸ் பழைய வியாதியின் செலவை ஏற்கவில்லை. கொண்டுவந்த ஸ்ட்ரிப்புகளும் தீரும் தறுவாயில் இருந்தன. பெட்டி எங்கே இருந்தது, எப்போது வந்தது என்று அண்ணி அவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லி, லாட் எண்ணையும் காட்டிக் கொடுத்தார். கிழிந்த பெட்டியையும் பன்னிரண்டு டாலருக்கு விற்காமல் அவரிடமே சேர்த்துவிட்டார். மெடிகேர் பெட்டிகள் ஆறையும், அவற்றுக்குரிய மீட்டரோடு, காலாவதியாகாத உபகரணங்களைத் தானமாகப் பெற்று வறிய தேசங்களுக்கு அனுப்பும் இன்சுலின் ஃபார் லைஃப் என்னும் ஸ்தாபனத்துக்குப் பார்சல் கட்ட உட்கார்ந்தோம்.

பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தொலைபேசி மணி அடித்தது. மெடிகேருக்கு ஸ்ட்ரிப் வழங்கும் விநியோகஸ்தரிடமிருந்து ஒரு பெண் பேசினார். அடுத்த தவணையை அனுப்புவதற்குமுன் நோயாளியைக் கூப்பிட்டு, கையிருப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளவேண்டும் என்பது விதி. போன முறை இதே கேள்விக்கு, ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் அவசரத்தில், அண்ணி பழக்கத்தின் பேரில் "தீரப்போகிறது, அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லியிருந்தாராம்.

"அவரிடம் இப்போது எத்தனை ஸ்ட்ரிப் மிச்சம் இருக்கின்றன, அம்மா?" என்று அந்தக் குரல் மரியாதையோடு வினவியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அண்ணி பாதி ஒட்டிய பார்சலைப் பார்த்தார்; பெட்டிகளை மறுபடி விரலால் தொட்டு எண்ணினார்; "முந்நூறு" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்ற விவரத்தையும் சொல்லத் தொடங்கினார்.